கடிகாரமும் கல்லூரியும்

அமெரிக்காவின் நியூ ஹம்ஷயர் மாநிலத்திலுள்ள டார்ட்மத், அளவிற் சிறியதொரு கல்லூரி. வங்கியாளர் எட்வேட் டக் அளித்த 3 இலட்சம் டொலர் நன்கொடையினால், 1900இல் அங்கே முகாமைத்துவப் பட்டப்பின் பள்ளி தோன்றியது. உலகில் அத்தகைய முதற் பள்ளி அதுவே.

1911 ஒக்டோபரில் 'விஞ்ஞான முகாமைத்துவம்' பற்றிய மாநாடு அங்குக் கூடியது. அம்முறையின் தந்தையான பிரெட்ரிக் டெய்லரும் உரையாற்றினார். தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரங் கொண்டு அளந்து, அவன் கைகளிலிருந்த தொழிலறிவை முகாமையாளரின் ஏடுகளுக்கு மாற்றுவதே அம்முறையின் சாரம். பெத்லகேம் உருக்காலையில் நாளொன்றுக்கு 12.5 தொன் இரும்புப் பாளங்களைச் சுமந்தேற்றிய தொழிலாளி, தம் முறையினால் 47 தொன் ஏற்றினான் எனப் பெருமையுடன் எழுதினார் டெய்லர். கூலியோ 1.15 டொலரிலிருந்து 1.85 டொலராகவே உயர்ந்தது. உழைப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. கூலி இரு மடங்குதானும் இல்லை!

தொழிலாளர் வாளாவிருக்கவில்லை. மாநாட்டிற்கு இரு மாதங்களுக்கு முன்னரே, வாட்டர்டவுன் அரசாங்க ஆயுதத் தொழிற்சாலையின் வார்ப்புத் தொழிலாளர், கடிகார அளவீட்டை எதிர்த்து வேலைநிறுத்தஞ் செய்தனர். அதன் விளைவாக எழுந்த கிளர்ச்சியின் பயனாய், இராணுவத் தொழிற்சாலைகளில் அவ்வளவீட்டுக்குப் பணஞ் செலவிடுவதை 1915இல் அமெரிக்கக் காங்கிரஸ் தடைசெய்தது.

முகாமைத்துவம் பயிலும் மாணவர் இவ்வரலாற்றையும் பயிலல் வேண்டும். எவரிடமிருந்து பெற்ற அறிவு எவர் நலனுக்குப் பயன்படுகிறது என்று வினவாத கல்வி, விஞ்ஞானம் என்னும் பெயருக்கு உரியதாகாது.