பேனரில் நடிகை முகம்: சென்னையில் தத்ரூப ஓவியம் கடந்துவந்த பாதை

சென்னையின் நவீன ஓவிய வரலாறு பெரும்பாலும் கலைக் கல்லூரியில் தொடங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வந்து நிற்கிறது. அண்ணா சாலைத் திரையரங்குகளின் முகப்பில் மக்கள் அண்ணாந்து பார்த்த நடிகையர் முகங்களுக்கு அதில் இடம் குறைவு. கல்லூரி ஓவியம் தத்ரூபத்தை விட்டு விலகிய காலத்தில், அந்தக் கலையைப் பெரிய அளவில் வாழவைத்தவர்கள் பேனர் ஓவியர்களே என்பது இக்கட்டுரையின் வாதம்.

வேர்கள்

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய ஓவியப் பள்ளி, ஐரோப்பிய முறையில் ஒளி நிழல் காட்டி வரையும் பயிற்சியைச் சென்னைக்குக் கொண்டுவந்தது. 1894இல் ஓவியர் ரவி வர்மா நிறுவிய அச்சகம் தமயந்தியையும் லட்சுமியையும் வீட்டுச் சுவர்களுக்குக் கொண்டுசேர்த்தது. சென்னைப் பள்ளியில் பயின்ற கொண்டையராஜு கோவில்பட்டியிலிருந்து அந்த மரபைக் காலண்டர்களில் வளர்த்தார். அழகிய பெண் முகம் எப்படி இருக்கும் என்ற எதிர்பார்ப்பு, சினிமா வளர்வதற்கு முன்பே மக்கள் மனத்தில் பதிந்திருந்தது.

திருப்பம்

1948இல் டி. ஆர். ராஜகுமாரி நடித்த 'சந்திரலேகா'வை ஜெமினி வாசன் பெரும் பொருட்செலவில் விளம்பரப்படுத்தினார். 1957இல் 'வணங்காமுடி'க்காக எழுந்த சிவாஜியின் மாபெரும் கட்அவுட் அடுத்த கட்டம். அதே 1957இல்தான் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர், ஹண்டரின் பள்ளியிலிருந்து வளர்ந்த ஓவியக் கல்லூரியின் முதல்வரானார்; 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. அங்கே கோடும் குறியீடும் முதன்மை பெற, திரையரங்க வாசலில் முகத்தின் சாயல் தவறாமல் எழுதுவதே தொழிலின் உயிராக இருந்தது.

வேலை முறை

கையளவு கறுப்பு வெள்ளை ஸ்டில் மீது கட்டம் போடுவார்கள். சட்டத்தில் இழுத்துக் கட்டி வெள்ளை பூசிய துணியிலும் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள். பின்னணியும் உடையும் உதவியாளர்கள் பொறுப்பு. முகம் மட்டும் மூத்த ஓவியர் கையில். ஸ்டில்லில் நிறம் கிடையாது. கன்னத்துக்கு ரோஜா, வெளிச்சம் விழும் நெற்றிக்கு மஞ்சள், தாடை நிழலுக்குப் பச்சையோ ஊதாவோ, எல்லாம் ஓவியரின் தேர்வு. ஆளுயரத்தைத் தாண்டிய முகத்தைக் கை எட்டும் தூரத்தில் நின்று எழுதுபவருக்குத் தெரிவது வண்ணத் திட்டுகள்தான். சாலையின் எதிர்ப்பக்கத்தில் நிற்பவருக்கு அவை சேர்ந்து சாவித்திரியாகவோ பத்மினியாகவோ தெரியும். அந்தத் தொலைவை மனத்தில் வைத்தே தூரிகை நகர வேண்டும்.

திரையிலிருந்து அரசியலுக்கு

1965இல் 'வெண்ணிற ஆடை'யில் தமிழுக்கு அறிமுகமான ஜெயலலிதா, 1991இல் முதலமைச்சரானார். அடுத்த ஐந்தாண்டுகளில் அவருடைய கட்அவுட்கள் சென்னைச் சாலைகளில் வரிசையாக எழுந்தன. சினிமாவில் பழகிய கைகளே அரசியல் உருவத்தையும் எழுதின. நூற்றாண்டின் இறுதியில் வந்த வினைல் அச்சு இந்தத் தொழிலை முடக்கியது. 1999இல் ராதிகாவின் 'சித்தி' தொடங்கி, சின்னத்திரை நாயகி வீடுதோறும் பழகியபோது, விளம்பர முகத்தை எழுதும் வேலை கணினிக்கு மாறத் தொடங்கியிருந்தது. 2009இல் மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் பண்பாட்டுக் காட்சிகளை வரையச் செய்தது. பேனர் ஓவியர்கள் சிலருக்கு அது மறுவாழ்வு.

யாருடைய கலை?

பம்பாயில் சினிமா பேனர் எழுதி வளர்ந்த எம். எஃப். உசேன் உலகப் புகழ் பெற்றார். சென்னைப் பேனர் ஓவியர்களுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. 2015இல் சென்னையின் ஊரூர் ஒல்காட் குப்பத்தில் தொடங்கிய விழா, கர்நாடக இசையையும் பறையாட்டத்தையும் ஒரே மேடையில் ஏற்றி, உயர்ந்த கலை எது என்று தீர்மானிப்பவர் யார் எனக் கேட்டது. மீனவர் குப்பத்தில் இசைக்காக எழுந்த அந்தக் கேள்வியை ஓவியத்திடமும் கேட்க வேண்டும்.

படம் மாறியதும் பழைய துணிக்கு வெள்ளை அடித்து அடுத்த முகம் எழுதிவிடுவார்கள் என்பதால், மூல ஓவியங்கள் மிகக் குறைவாகவே எஞ்சியுள்ளன. கட்டம் போட்ட ஸ்டில்களும், திரையரங்க முகப்புப் புகைப்படங்களும், மூத்த ஓவியர்களின் நினைவுமே இன்று கிடைக்கும் சான்றுகள். பேனரின் மூலையில் இருந்தது கம்பெனிப் பெயர். முகம் எழுதியவரின் பெயர் அன்று. அந்தப் பெயர்களைத் தொகுப்பதே தமிழக ஓவிய வரலாறு உடனே செய்ய வேண்டிய வேலை.