கேம்ப்பில் பேர் எழுதிய சிஸ்டர்

போன வாரம் பரணிலிருந்து பழைய டிரங்குப் பெட்டியை இறக்கியபோது அடியில் அம்மாவின் கண் ஆஸ்பத்திரி அட்டை கிடைத்தது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. 1990-ஆம் வருஷத்து அட்டை. அம்மாவின் பேர், வயது, ஊர் தொப்பம்பட்டி, எந்தக் கண் என்பதெல்லாம் குண்டு குண்டான பெண் கையெழுத்தில் இருந்தன. ஆபரேஷன் செய்த டாக்டரைப் பற்றி அம்மா பல வருஷம் பேசியிருக்கிறாள். இந்தக் கையெழுத்துக்காரியைப் பற்றி நான் இப்போதுதான் யோசிக்கிறேன்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் கதை நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். டாக்டர் கோ. வெங்கடசாமி 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976-இல் மதுரை அண்ணா நகரில் 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களால் கத்தி பிடித்து லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன் செய்தவர். நாமெல்லாம் ரிட்டையரான பிறகு என்ன செய்தோம் என்று கேட்காதீர்கள்.

ஆனால் இலவசம் என்று அறிவித்தால் மட்டும் ஜனம் வந்துவிடவில்லை. மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் நடத்திய ஆய்வுகளும் அதைத்தான் சொல்லின. நம்ம ஊரிலும் அதே கதைதான். ஆபரேஷன் இலவசம், சரி. பஸ் சார்ஜ்? சாப்பாடு? கூடப் போகிற ஆளுக்கு ஒரு வாரக் கூலி போகுமே? வயசான காலத்தில் எதற்குக் கண்ணு, சோத்துத் தட்டு தெரிந்தால் போதும் என்று பெரியவர்களே சொல்வார்கள். கண்ணைத் தோண்டி எடுத்துவிடுவார்கள் என்ற பயம் வேறு. ‘சரி, போய் யோசித்துவிட்டு வருகிறேன்’ என்று முகாமிலிருந்து வீட்டுக்குப் போனவர் திரும்பி வரமாட்டார்.

அதனால் முறையையே மாற்றினார்கள். முகாமில் பார்த்த அன்றைக்கே அட்மிஷன். வெளியே பஸ் நிற்கும். ஏற்றிக்கொண்டு போய் ஆபரேஷன் செய்து, சோறு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். சொல்ல சுலபம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் பல நூறு பேரைப் பார்த்து, யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்க முடியாது என்று பிரித்து, சாயங்காலத்துக்குள் பஸ் ஏற்ற வேண்டும். டாக்டர் முடிவு சொல்வார். அந்த முடிவுக்கு முன்னும் பின்னும் இருக்கிற வேலை முழுவதும் சிஸ்டர்களுடையது.

அந்தச் சிஸ்டர்கள் பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள். பள்ளிப் படிப்பு முடித்த பதினேழு, பதினெட்டு வயதுப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, அங்கேயே தங்க வைத்து, இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்தார்கள். அதை முன்னின்று வளர்த்தவர் டாக்டர் வெங்கடசாமியின் தங்கை டாக்டர் நாச்சியார். அவரும் கண் டாக்டர்தான். நாற்றங்காலும் களத்துமேடும் பார்த்து வளர்ந்த பெண்ணுக்குக் கிழவியின் பயம் என்னவென்று தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பழனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். அம்மாவை டவுன் பஸ்ஸில் கூட்டிப்போனேன். வாசலில் பேர் பதிந்தார்கள். அடுத்த மேஜையில் விரலை எண்ணச் சொன்னார்கள். பிறகு கண் அழுத்தம், பிரஷர், நீரில் சர்க்கரை. கண்ணோரத்தில் ஊசி முனையால் உப்புத் தண்ணீர் விட்டு, ‘தொண்டையில கரிக்குதா?’ என்று கேட்டார்கள். கண்ணீர் வழி அடைத்திருந்தால் சீழ் தங்கும், அதோடு ஆபரேஷன் செய்தால் கண்ணே போகும் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அம்மா பாவம், ‘கரிக்குது சாமி, தண்ணி குடுங்க’ என்றாள்.

கடைசி மேஜையில் இருந்தவள்தான் இந்தக் கையெழுத்துக்காரி. இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். ‘அப்பத்தா’ என்றுதான் கூப்பிட்டாள், மதுரைப் பக்கத்து வழக்கம். கூட யாரும் வர வேண்டாம் என்றாள். அம்மாவுக்குக் கை நடுங்கியது. எனக்கும்தான், சொல்லிக்கொள்ளவில்லை. பெற்றவளைத் தெரியாத ஆட்களோடு தனியாக அனுப்புவதா? அவள் அதட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. நோட்டைப் புரட்டி, ‘தொப்பம்பட்டிப் பக்கத்துல இருந்து இன்னும் மூணு பேர் வர்றாங்க அப்பத்தா. பஸ்ல ஒண்ணா உக்காருங்க, வார்டுலயும் பக்கத்துப் பக்கத்துப் பாயிலதான் போடச் சொல்வேன்’ என்றாள். அம்மா எழுந்து நின்றுவிட்டாள். ஒரே ஊர்க்காரர்களைச் சேர்த்துப் படுக்க வைப்பது அங்கே வழக்கமே என்று பிறகு படித்தேன்.

நோயாளிக் கணக்கு என்றால் பிளாரன்ஸ் நைட்டிங்கேலைச் சொல்லாமல் முடியாது. விளக்கேந்திய அம்மையார் என்றே படித்தோம். 1860-இல் லண்டனில் கூடிய சர்வதேசப் புள்ளியியல் மாநாட்டுக்கு, எல்லா ஆஸ்பத்திரிகளும் ஒரே மாதிரி கணக்கு எழுத வேண்டும் என்று படிவம் தயாரித்துக் கொடுத்தவரும் அவர்தான். ஏற்கெனவே இருந்தவர் எத்தனை, புதிதாகச் சேர்ந்தவர் எத்தனை, குணமானவர், இறந்தவர் எத்தனை என்று கேட்கும் படிவம். எழுதி வைக்காத வரை ஆஸ்பத்திரியில் என்ன நடக்கிறது என்றே தெரியாது என்பது அவர் கட்சி. பழனிப் பள்ளிக்கூடத்து மேஜையில் இருந்த நோட்டும் அந்த வம்சம்தான்.

1992 வரை அரவிந்தில் செய்த கண்புரை ஆபரேஷன்கள் மொத்தம் சுமார் 3,35,000. அதில் ஏறக்குறைய 70 சதவீதம் இலவசம். ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒரு சிஸ்டர் பேர் எழுதியிருப்பாள்.

அன்றைக்கு அம்மாவோடு வந்த எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் பேரும் அந்த நோட்டில் ஏறியது. அப்பாவைத் தனியாக அனுப்பினால் ஊர் என்ன சொல்லும் என்று மகன் கையைப் பிடித்து இழுத்துப் போய்விட்டான். அந்தப் பெண் பஸ் வரை பின்னாலேயே போய்ப் பேசிப் பார்த்தாள். பிறகு நோட்டில் ஒரு கோடு போட்டாள். ‘அடுத்த கேம்ப்புக்காவது கூட்டியாங்க அண்ணே’ என்று என்னிடம் சொன்னாள். நான் கூட்டிப்போகவில்லை. ஏன் என்று இப்போது யோசித்தால் சரியான காரணம் எதுவும் இல்லை. அவர் கடைசி வரை திண்ணையில் உட்கார்ந்து, காலடிச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா ஒரு வாரத்துக்குள் வந்துவிட்டாள். பிறகு சோடா புட்டிக் கண்ணாடி. கண்ணுக்குள் லென்ஸ் வைப்பது அப்போது எல்லோருக்கும் வந்திருக்கவில்லை. மறுபரிசோதனைக்குப் பழனி போனபோது, மேஜை மேஜையாக அந்தச் சிஸ்டரைத் தேடினாள்.

‘நீதான் அவ முகத்தையே பாக்கலையே, எப்படிம்மா கண்டுபிடிப்ப?’ என்றேன்.

‘பேசட்டும், தெரிஞ்சுக்குவேன்’ என்றாள். அன்றைக்கு வேறு பெண்கள்தான் வந்திருந்தார்கள்.