ஆங்கிலத்தில் இத்தாலிய இசைச்சொற்கள்

ஆங்கிலேயர் இசைக்குப் பயன்படுத்தும் கலைச்சொற்களில் பெரும்பகுதி 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலியிலிருந்து வந்தது. 1501இல் வெனிஸ் நகரில் பெத்ருச்சி அச்சிட்ட இசைநூலும், 1600ஐ ஒட்டி ஃபிளாரன்ஸில் பிறந்த ஓபராவும் இத்தாலியை ஐரோப்பிய இசைக்கு ஆசான் ஆக்கின.

இங்கிலாந்தில் இந்த இத்தாலியக் கலைச்சொற்கள் முதலில் புரியாதவையாகவே இருந்தன. 1683இல் ஹென்றி பர்செல் தம் சொனாட்டாக்களை வெளியிட்டபோது, அடாஜியோ மிக மெதுவான நடை, அலெக்ரோ மிக விரைவான நடை, பியானோ மென்மை என்று முன்னுரையில் விளக்க நேர்ந்தது. லார்கோவை அவர் நடுத்தர நடை என்கிறார். இன்று அது மிக மெதுவான நடை. கடன் வாங்கிய சொல்லின் பொருள் எவ்வளவு நகரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று அரிது. 1711இல் ஹாண்டெலின் 'ரினால்டோ' லண்டனில் இத்தாலிய மொழியிலேயே அரங்கேறி, இத்தாலிய ஓபராவின் செல்வாக்கை அங்கே வலுப்படுத்தியது.

சொப்ரானோ, கன்சர்ட்டோ, வயோலா ஆகியவையும் இவ்வழி வந்தவையே. பார்த்தலோமேயோ கிறிஸ்தோஃபோரி உருவாக்கிய கருவி, மெல்லெனவும் உரக்கவும் ஒலிப்பதால் 'பியானோஃபோர்த்தே' எனப்பட்டு, பின்னர் பியானோ எனச் சுருங்கியது. ஒலி படிப்படியாக வளர்வதைக் குறிக்கும் 'கிரெஷெண்டோ', ஆங்கிலப் பேச்சில் உச்சம் என்ற பொருளையும் பெற்றுவிட்டது.