நீலகிரி நீர்மின்சாரம்

உயரத்திலிருந்து வீழும் நீரின் விசையால் சக்கரத்தைச் சுழற்றி, அச்சுழற்சியிலிருந்து மின்சாரம் உற்பத்தி செய்யும் முறை நீர்மின்சாரம் எனப்படும். இதற்கு நீரின் அளவும் அது வீழும் உயரமும் சேர்ந்து அமைதல் வேண்டும். நீலகிரியின் ஆறுகள் சிறியனவேயாயினும், தென்மேற்குப் பருவமழையை ஏராளமாகப் பெறும் அம்மேட்டுநிலம் சமவெளியை நோக்கிச் செங்குத்தாக இறங்குவதால், வீழ்ச்சியின் உயரமே அங்கு மூலதனமாக வாய்த்தது.

முக்கூர்த்திச் சிகரத்தின் அருகே தோன்றும் பைக்காரா ஆற்றின் நீரைக் கொண்டு சென்னை மாகாண அரசாங்கம் நிர்மாணித்த மின்நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியது. கிளென்மார்கன் முன்தேக்கத்திலிருந்து, மலைச்சரிவின்மீது பதிக்கப்பட்ட இரும்புக் குழாய்களின் வழியே 3,000 அடிக்கு மேல் இறங்கும் நீர், அடிவாரத்துச் சிங்காரா நிலையத்தில் குறுகிய மூக்கினூடே பீறிட்டு, பெல்டன் சக்கரத்தின் விளிம்பில் இரட்டைக் கிண்ணங்களாக அமைந்த அகப்பைகளை மோதித் தள்ளுகிறது. குழாய்களின் ஓரமாக ஏறி இறங்கும் விஞ்சு எனப்படும் கம்பிவட வண்டியே நெடுங்காலம் ஊழியர்க்கு வாகனமாயிருந்தது. சிங்காராவில் வெளிப்படும் நீரை வீணாக்காமல் மீண்டும் பயன்படுத்தும் பொருட்டு 1952-இல் மோயாறு நிலையம் ஏற்பட்டது.

இம்மின்சாரத்தால் மிகுதியான பயன் பெற்றது கோயம்புத்தூர். பைக்காரா மின்சாரம் மலிவாகக் கிடைத்த காலத்திலேதான் அங்கே பஞ்சாலைகள் பெருகின. கவலையில் மாடுகளைப் பூட்டி, பின்னோக்கியும் முன்னோக்கியும் நாள் முழுதும் ஓட்டி நீரிறைத்த கிணறுகளில் மோட்டார் பம்புகள் வந்து அமர்ந்தன. அந்த மோட்டாரையும் பம்பையும் தாமே செய்யும் பட்டறைகளும் தோன்றின. ஒரு ஜில்லாவின் பொருளாதார வாழ்வை ஒரு மலையாறு இவ்வளவு விரைவில் மாற்றியதற்கு நிகரான உதாரணம் தென்னாட்டில் அரிது.

கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நாட்டின் உதவியுடன் எழுந்து 1960-இல் உற்பத்தியைத் தொடங்கிய குந்தாத் திட்டம் இன்னும் விரிவானது. அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி முதலிய தேக்கங்களின் நீர், குந்தா, கெத்தை, பரளி, பில்லூர் எனப் படிப்படியாக இறங்கி ஒவ்வோரிடத்தும் சக்கரத்தைச் சுழற்றிய பின்னர்ப் பவானியாற்றில் சேர்ந்து பாசனத்துக்கும் குடிநீருக்கும் உதவுகிறது. இதன் ஆறு நிலையங்களின் மொத்தத் திறன் 585 மெகாவாட். நிலக்கரி வேண்டாமை, புகையின்மை, தேவை எழுந்த சில நிமிஷங்களுக்குள் யந்திரத்தை இயக்கவும் நிறுத்தவும் கூடுமாயிருத்தல் ஆகியவை இம்முறையின் மறுக்கவொண்ணாத சிறப்புகளாம்.

ஆயினும், பயன் சமவெளிக்கும் நஷ்டம் மலைக்குமாகப் பங்கிடப்பட்டதை மறைத்தல் நியாயமன்று. தேக்கங்களுக்கென அடைக்கப்பட்ட பள்ளத்தாக்குகள் வெற்றிடங்களல்ல; சோலைக்காடுகளும், தோடர்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் எருமைகளை மேய்த்த புல்வெளிகளும் அவற்றில் இருந்தன. பைக்காரா அம்மக்களுக்குப் புனித நதி என்பதையும், மூழ்கிய மேய்ச்சல் நிலத்துக்கு ஈடாக வேறொரு புல்வெளியை எவராலும் உண்டாக்கித் தர இயலாது என்பதையும், திட்டச் செலவைக் கணக்கிட்டவர்கள் எந்தக் கலத்தில் எழுதியிருக்க முடியும்? முதுமலைக் காட்டினூடே மோயாறு நிலையத்துக்கு நீர் கொண்டுசெல்லும் திறந்த கால்வாயோ, யானைகளின் தொன்றுதொட்ட வழித்தடத்துக்குக் குறுக்கே கிடக்கிறது. பில்லூரிலிருந்து திடீரென நீர் திறந்துவிடப்படும்போது, மேட்டுப்பாளையத்தருகே பவானியில் இறங்கிக் குளிப்போர் அடித்துச் செல்லப்படும் அபாயமும் உண்டு.

மழை பொய்த்தால் உற்பத்தி குன்றுவது இம்முறையின் இயற்கைக் குறை. நீர்மின்சாரத்தையே பெரிதும் நம்பியிருந்த சென்னை ராஜ்யம், 1962-இல் நெய்வேலியில் அனல்மின் உற்பத்தி தொடங்கிய பின்னரே ஓரளவு ஆறுதல் கண்டது. வண்டலால் நேரும் குறையோ மனிதர் தேடிக்கொண்டது. சரிவுகளில் உருளைக்கிழங்கும் காய்கறியும் பயிரிடுவதற்காகக் கிளறிய மண், ஒவ்வொரு மழையிலும் கரைந்திறங்கிக் குந்தாத் தேக்கத்தின் கொள்ளளவைக் குறைத்து வருகிறது.

இந்நாளில் நீர்மின்சாரம் பெரும்பாலும் மின்தேவை உச்சமடையும் வேளைகளுக்கென ஒதுக்கப்படுகிறது. உபரி மின்சாரத்தால் கீழ்த்தேக்கத்து நீரை மேல்தேக்கத்துக்கு ஏற்றிவைத்து, வேண்டும்போது இறக்கும் முறை ஆனைமலையிலுள்ள கடம்பாறையில் 400 மெகாவாட் அளவில் நடைபெறுகிறது. குந்தாவிலும் போர்த்திமந்து, அவலாஞ்சி–எமரால்டு ஆகிய பழைய தேக்கங்களை இணைத்து 500 மெகாவாட் அளவில் இத்தகைய திட்டம் மேற்கொள்ளப்பட்டுள்ளது. முன்னமே மூழ்கிய பள்ளத்தாக்குகளையே இது பயன்படுத்துவதால், இதற்கென மற்றொரு புல்வெளியை நீருக்கு அளிக்க வேண்டியதில்லை.