இரட்டித்து மூன்று கூட்டினால்

2147483647-ஐ இரட்டித்து 3 கூட்டுங்கள்; 4294967297 வரும். முன்னது 2-இன் 31-ஆம் அடுக்குக்கு ஒன்று குறைவு, பின்னது 32-ஆம் அடுக்குக்கு ஒன்று கூடுதல். இவ்வளவு நெருங்கிய உறவு, ஆனால் முன்னது பகா எண், பின்னது பகு எண். இரண்டையும் நிறுவியவர் லெயோனார்டு ஆய்லர். பகு எண்ணை 1732-இல் 25 வயது இளைஞராகவும், பகா எண்ணை 1772-இல் பார்வை ஏறக்குறைய முழுதும் போன கிழவராகவும் தீர்த்துவைத்தார்.

3, 5, 17, 257, 65537 ஆகியவை பகா எண்கள்; அதே வரிசையில் அடுத்து வரும் 4294967297-உம் அப்படித்தான் இருக்கும் என்று ஃபெர்மா நம்பினார். அந்த எண்ணுக்குக் காரணி இருந்தால் அதை 64-ஆல் வகுக்க மீதி 1 வர வேண்டும் என்பது ஆய்லரின் விதி. அதன்படி சோதிக்க வேண்டிய பகா எண்கள் 193, 257, 449, 577, 641. முதல் நான்கும் தோற்கும். ஐந்தாவதைத் தாளில் போட்டுப் பார்த்தேன்: 641 × 6700000 = 4294700000. மிச்சம் 267297. அதுவும் சரியாக 641 × 417. மீதியில்லாமல் கணக்கு முடிந்த அந்தக் கணத்தில் எனக்குச் சிலிர்த்தது.

இந்த எண் தன் பிளவை இன்னொரு விதத்திலும் காட்டிக்கொடுக்கிறது. 65536, 1 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் இது வரும். 62264, 20449 இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினாலும் வரும். பகா எண்ணுக்கு இப்படி இரண்டு வழி அமையவே அமையாது. 2147483647-க்கோ ஒரு வழியும் கிடையாது. 4-ஆல் வகுத்தால் மீதி 3 வரும் எந்த எண்ணுக்கும் அது இல்லை.

641-ஐத்தான் எல்லாரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு 1772-ஆம் ஆண்டு வேலைதான் பெரிது. உடைக்க ஒரு காரணி போதும். உடையாது என்று சொல்ல, 46340 வரை ஒன்றையும் விடாமல் பார்த்தாக வேண்டும். காரணியை 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 என்று ஆய்லர் வலையைச் சுருக்கியதால், ஆயிரக்கணக்கான பகா எண்கள் நூற்றுக்கும் கீழே வந்தன. அத்தனையும் தோற்ற பிறகே தீர்ப்பு. இந்தப் பகா எண்ணிலிருந்து பிறக்கும் செவ்விய எண் (தன்னைத் தவிர்த்த தன் காரணிகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்) 2305843008139952128. இதைவிடப் பெரிய செவ்விய எண்ணை எவரும் காணப்போவதில்லை என்று பீட்டர் பார்லோ 1811-இல் எழுதினார். அது பொய்த்துப்போனது.

ஆய்லர் பட்ட பாட்டுக்கு லூக்காவும், அவருக்குப் பின் லேமரும் குறுக்குவழி கண்டார்கள். 4-இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து 2 கழித்துக்கொண்டே போக வேண்டும்: 14, 194, 37634, 1416317954. அடுத்த படியில் எண் எல்லை தாண்டும். அதன்பின் 2147483647-ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். 29-ஆவது படியில் மீதி 0; எனவே அது பகா எண்.