மதுரையில் இறந்தவள்

மேட்டுப்பாளையத்தில் வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "ஏனுங்க மேடம், முஸ்லிம் ஆட்சியில நம்ம பொம்பளைங்களுக்கு என்னங்க ஆச்சு?" 'நம்ம' என்ற சொல் உறுத்தியது. ஆனாலும் கேள்வியை மழுப்பக் கூடாது.

14ஆம் நூற்றாண்டு மதுரை சுல்தானகம். இந்துக்கள் எண்ணிக்கையில் பெரும்பான்மை, அதிகாரத்தில் இல்லை. 1340களில் அங்கே வந்த இபின் பதூதா, சுல்தான் கியாசுத்தீன் தாமகானிக்குச் சகலை. சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பிடித்துவரப்பட்ட ஓர் இந்துவையும் அவன் மனைவியையும் சிறு மகனையும் சுல்தான் வெட்டச் சொன்னான். பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்படியான இழிவை வேறெந்த அரசனிடமும் கண்டதில்லை என்று பின்னர் எழுதினார். இந்தக் கொடுமையை எடுத்துக்காட்டும் பலர், சாட்சி சொன்னவரும் முஸ்லிம் என்பதைச் சொல்வதில்லை.

சுல்தானகத்தை வென்ற விஜயநகர இளவரசன் குமார கம்பணனின் மனைவி கங்காதேவி, 'மதுரா விஜயம்' என்ற சமஸ்கிருதக் காவியத்தில் பாழடைந்த கோயில்களைப் பாடினாள். கணவனின் வெற்றிக்காகப் பாடியது. அந்த நினைப்போடுதான் படிக்க வேண்டும்.

நான் திரும்பத் திரும்பப் போவது பதூதாவின் வேறொரு குறிப்புக்கு. மதுரையில் அப்போது கொள்ளைநோய். நல்ல உடல்நிலையில் இருக்கிறாள் என்ற உறுதியின் பேரில் ஓர் அடிமைப் பெண்ணை வாங்குகிறார். மறுநாள் அவள் இறந்துபோகிறாள். பெயர்கூட இல்லை. வெட்டுப்பட்டவளைக் காணப் பொறுக்காதவருக்கு, ஒருத்தியை விலைக்கு வாங்குவதில் கூச்சமில்லை.

இதையும் அவளிடம் சொன்னேன். "அவ நம்ம ஆளுங்களா மேடம்?" என்றாள்.

பதூதா அதை எழுதவில்லை.