வாஷிங்டனில் நம்ம ஊர் யோகினி

கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சருக்காகப் பொறுமையாகப் படியுங்கள்.

போன சனிக்கிழமை ராத்திரி 8.30 மணிக்கு, பிள்ளையார்பாளையம் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்தபடியே வாஷிங்டனில் உள்ள தேசிய ஆசியக் கலை அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்தேன். அங்கே காலை 11 மணி. வெளிநாட்டில் இருக்கும் என் மகள்தான் பெயர் பதிவு செய்து லிங்க் அனுப்பியிருந்தாள். வழிகாட்டி அம்மையார் ஒருவர் ஒவ்வொரு சிலையாகக் காட்டி நேரலையில் விளக்கிக்கொண்டே வந்தார். நாம் கேள்வி எழுதி அனுப்பலாம்.

நடுவில் ஒரு கருங்கல் சிலை வந்தது. 4 அடிக்குச் சற்றுக் குறைவான உயரம். உட்கார்ந்த கோலத்தில் ஒரு பெண் தெய்வம். நான்கு கைகள், தலையைச் சுற்றிச் சுடர் போல விரிந்த கூந்தல். “இவள் யோகினி. 10ஆம் நூற்றாண்டு. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவள்” என்றார் அந்த அம்மையார். எனக்கு ஊஞ்சல் நின்றுவிட்டது.

34 வருடம் இதே ஊரில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காஞ்சியின் பெருமையைச் சொல்லிக்கொடுத்தவள் நான். பல்லவர், யுவான் சுவாங், பட்டு எல்லாம் சொன்னேன். யோகினி என்ற பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கே தெரியாது!

அப்புறம் நான்கு நாள் உட்கார்ந்து படித்தேன். யோகினிகள் கூட்டமாக வழிபடப்பட்ட தெய்வங்கள். பல இடங்களில் 64 பேர். அவர்கள் கோயில்கள் பெரும்பாலும் வட்டமாக, மேற்கூரை இல்லாமல் இருக்கும். ஒடிசாவில் ஹிராப்பூரிலும், மத்தியப் பிரதேசத்தில் பேடாகாட்டிலும் இன்றும் பார்க்கலாம். நம் பக்கத்திலும் சோழர் காலத்தில் அப்படி ஒரு கோயில் இருந்திருக்கிறது. அது அழிந்து, சிலைகள் காஞ்சி வட்டாரத்தில் சிதறிக் கிடந்தன. 1926 வாக்கில் அவற்றைத் தேடிச் சேர்த்துப் பாரிசுக்கு அனுப்பியவர், புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழுவோ துப்ரேய். வாங்கியவர் சி.டி. லூ என்ற பாரிஸ் வியாபாரி. அவர் வழியாக வாஷிங்டன், டெட்ராய்ட், மினியாபொலிஸ், டொரண்டோ, லண்டன், பாரிஸ் என்று அக்கா தங்கைகள் ஆளுக்கொரு ஊராகப் பிரிந்தார்கள். ஒரே தறியில் நெய்த புடவையைத் துண்டு துண்டாக வெட்டி விற்ற மாதிரி.

துப்ரேய் என்ற பெயர் ஞாபகம் வருகிறதா? வருடாவருடம் உங்களைக் கைலாசநாதர் கோயிலுக்கு வரிசையாக நடத்திக் கூட்டிப்போவேனே. பிராகாரத்துச் சிறு கோயில்களில் மங்கலாகத் தெரியும் பல்லவர் ஓவியத்தைக் காட்டி, “1931இல் ஒரு பிரெஞ்சுக்காரர் இதைக் கண்டுபிடித்தார்” என்று பெருமையாகச் சொல்வேன். அதே மனிதர்தான்! சுண்ணாம்புப் பூச்சுக்குள் மறைந்திருந்த ஓவியத்தை நமக்குக் காட்டிய கையே, நம் தெய்வங்களைக் கப்பலேற்றியும் விட்டது. அவரைத் திட்டுவதா, கும்பிடுவதா? இரண்டு நாளாக எனக்குப் புரியவில்லை.

ஆனால் ஒன்று சொல்லத்தான் வேண்டும். அன்று சிலை வெளியே போவதைத் தடுக்கச் சரியான சட்டம் இல்லை. ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1947இல்தான் வந்தது, இன்னும் கடுமையான சட்டம் 1972இல். அதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது. அதோடு, அந்தச் சிலைகள் சிதறிக் கிடந்த காலத்தில் நம் ஊர்க்காரர்களும் பக்கத்தில் நடந்துதானே போயிருப்பார்கள்?

சுற்றுலா முடியும்போது நான் ஒரே ஒரு கேள்வி அனுப்பினேன். “காஞ்சியில் எந்த இடத்தில் இருந்த கோயில்?” அந்த அம்மையார் படித்துவிட்டு, “அது உறுதியாகத் தெரியவில்லை, மன்னிக்கவும்” என்றார்.

சிலை பத்திரமாக இருக்கிறது, துடைத்து விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் அவளுக்கு விலாசம் இல்லை. எடுத்தவர்கள் எங்கிருந்து எடுத்தோம் என்று ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. நாளைக்கே திருப்பி அனுப்புகிறோம் என்றாலும், எந்தத் தெருவில் இறக்குவது? எனக்கு அதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது.

அதனால் டீச்சர் உங்களுக்கு இரண்டு வீட்டுப்பாடம் தருகிறேன்.

ஊரில் இருப்பவர்கள்: உங்கள் தெருவிலோ, ஏரிக்கரையிலோ, அரசமரத்தடியிலோ பழைய சிலையோ எழுத்து வெட்டிய கல்லோ இருந்தால் நகர்த்தாதீர்கள், பெயின்ட் அடிக்காதீர்கள். இருக்கும் இடத்திலேயே போட்டோ எடுங்கள். ஊர், தெரு, தேதி எழுதி வையுங்கள். அந்தக் குறிப்புதான் நாளைக்கு அதன் விலாசம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள்: மேலே சொன்ன ஊர்களில் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போய் அவளைப் பாருங்கள். போக முடியாதவர்கள் முதலில் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகலாம், அங்கேயும் இந்தக் கூட்டத்துச் சிலைகள் உண்டு. பார்த்துவிட்டு, “நாங்களும் காஞ்சிபுரம்தான்” என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எனக்குப் போட்டோ அனுப்ப மறக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் அஞ்சாங்கிளாஸ் டீச்சர்